சினையில் ஒரு சிறு விருந்து

வீட்டிற்கு நாலுபேர் வருகிறார்கள் என்று கேட்டவுடன் நம் மனத்தில் மகிழ்ச்சி பிறக்கிறது. அதன் நிழலைப்போல் ஒரு சிறு கவலையும் கூடவே பிறக்கிறது. சொந்த ஊரில் இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. அங்கே வாழையிலை விரித்தால் போதும். விருந்தின் ஒழுங்கு எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் குடியேறியவர்களின் நிலை வேறு. வங்காளத்து அண்டைவீட்டார் வருவார். அலுவலகத்துப் பஞ்சாபி நண்பர் வருவார். தஞ்சாவூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் உறவினரும் இருப்பார். இத்தனை பேருக்கும் முன்னால், பேச்சுத் தொடங்கும் வேளையில், எதை வைப்பது? ஒவ்வொரு முறையும் வடையும் முறுக்குமா? அல்லது பெரிய உணவுவிடுதியிலிருந்து தட்டுத்தட்டாக வரவழைத்து, மாதக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதா?

இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. கொல்கத்தாவின் தென்மேற்கிலுள்ள பெஹாலாவில் நின்றுகொண்டு அந்த வழியைப் பார்ப்போம். பொருள் வங்காளத்துக் குளத்தினுடையது, வடிவம் ஜப்பானியருடையது, கைப்பக்குவம் நம்முடையது. மீன்சினையைக் கொண்டு செய்யும் ஒரு சிற்றுண்டிதான் இன்றைய பேச்சின் பொருள்.

சினை என்ற சொல்லுக்கு நம் மொழியில் பல பொருள் உண்டு. இலக்கணம் படித்தவர்களுக்குச் சினைப்பெயர் நினைவிருக்கும். அங்கே அது உறுப்பைக் குறிக்கும். மரத்தின் கிளையும் சினைதான், கருவும் சினைதான், மீனின் முட்டையும் சினைதான். ஒன்றிலிருந்து பல கிளைப்பதையெல்லாம் ஒரே சொல்லில் அடக்கிவிட்ட அழகு அது. ஆனால் சொல்லுக்குக் கொடுத்த மரியாதையை நாம் பண்டத்துக்குக் கொடுத்தோமா என்றால், இல்லை. மீன் வாங்கும்போது சினை கிடைத்தால் வீட்டுக்குழந்தைக்கு ஒரு துண்டு வறுத்துக் கொடுப்போம், விருந்தில் வைக்கமாட்டோம்.

ஜப்பானியர் அப்படியல்லர். சினையை விருந்தின் தலைமாட்டில் வைப்பவர்கள் அவர்கள். சால்மன் மீனின் முட்டை, சிறு பட்டாணி அளவில், செம்மணிபோல் ஒளிவிடும். அதை இக்குரா என்பார்கள். மடவைமீனின் சினையை உப்பிட்டு உலர்த்திச் செய்யும் கராசுமி நாகசாகியின் புகழ்பெற்ற பண்டம். ஹெர்ரிங் மீனின் சினையாகிய கசுனோகோ, குலம் பெருகவேண்டும் என்ற வாழ்த்தோடு புத்தாண்டுத் தட்டில் இடம்பெறும். தோபிகோ என்பது பறக்கும் மீனின் சினை. அந்த மீன் நமக்குப் புதியதன்று. சோழமண்டலக் கரையில் பறவைக்கோலா என்று வழங்குவது அந்த இனந்தான். தழைக்கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டு, முட்டையிட வரும் பறவைக்கோலாவைப் பிடிக்கும் முறை நம் மீனவர்களுக்குப் பழக்கமானது. அவ்வினத்துள் ஒன்றின் அறிவியற் பெயரிலேயே கோரமண்டலம் என்ற நம் கரையின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இவற்றில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இக்குரா என்னும் பெயர் ஜப்பானியச் சொல்லன்று. மீன்முட்டையைக் குறிக்கும் இக்ரா என்ற ருஷ்யச் சொல்லிலிருந்து வந்தது. மிளகாய் சேர்த்து ஊறவைக்கும் மெந்தைக்கோ என்ற சினை கொரியாவிலிருந்து வந்தது. கொரியாவின் பூசான் நகரில் பிறந்த கவஹாரா தோஷியோ என்பவர், போருக்குப் பிறகு ஃபுகுவோக்காவில் குடியேறி, தாம் இளமையில் உண்ட சுவையை நினைவிற்கொண்டு 1949ஆம் ஆண்டில் அதைத் தம் கடையில் விற்கத் தொடங்கினார். அவ்வூரார் நாவுக்கு ஏற்றபடி பிறகு பக்குவத்தை மாற்றிக்கொண்டே வந்தார். இன்று அது அந்நகரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பிறந்த ஊரைவிட்டு வந்த ஒருவர், நினைவிலிருந்த சுவையை வந்த ஊரின் பொருளோடு இணைத்த கதை இது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமா?

ஆகவே ஜப்பானியரிடமிருந்து நாம் கடன் வாங்கவேண்டியது அவர்களுடைய மீனை அன்று, முறையை. முறை மூன்று கூறுகளில் அடங்கும். ஒரே வாயில் உண்ணக்கூடிய சிறிய அளவு. காடிப்புளிப்பு ஏற்றிய சோறு. அதன்மேல் சுவைமிக்க பொருள் சிறிதளவு. 1941ஆம் ஆண்டில் தோக்கியோவின் கின்சா பகுதியிலிருந்த ஒரு சூஷிக் கடையில் சோற்றுருண்டையைச் சுற்றிக் கடற்பாசித் தாளை வேலிபோல் நிறுத்தி, உள்ளே இக்குராவை நிரப்பினார்கள் என்று கூறுவர். பார்வைக்குப் போர்க்கப்பல்போல் இருந்ததால் குன்கன் என்று பெயர் பெற்றது. உதிரும் பொருளைச் சிந்தாமல் உண்ண வகைசெய்த எளிய யுக்தி அது. அந்த வேலியை நாம் வெள்ளரிக்காயால் கட்டப்போகிறோம்.

கொல்கத்தாவுக்கு ஜப்பான் அந்நிய நாடன்று. ஒக்காக்குரா என்ற கலையறிஞர் 1902இல் அன்றைய கல்கத்தாவில் தங்கித் தாகூர் குடும்பத்தாரோடு நட்புக் கொண்டார். 1916இல் இரவீந்திரநாத தாகூர் ஜப்பானுக்குப் பயணமானார். தாக்குரியா ஏரிப்பக்கத்தில் 1935இல் எழுந்த ஜப்பானியப் பௌத்தக் கோயில் இன்றும் நிற்கிறது. ஆனால் விடுதிகளில் பரிமாறப்படும் ஜப்பானிய உணவு மட்டும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. காரணம் எளியது. மீன்முட்டையும் கடற்பாசித் தாளும் தனிவகை அரிசியும் பனிக்கட்டியில் பொதிந்து வெகுதூரம் பயணம் செய்து வருகின்றன. அந்தப் பயணச்செலவும் நம் தட்டில்தான் ஏறுகிறது.

இனிப் பெஹாலாவின் சந்தைக்கு வருவோம். டயமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கும் பரந்து கிடக்கும் இப்பகுதி, 1984 வரையில் தனி நகராட்சியாக இருந்து பின்னர் மாநகராட்சியோடு இணைந்தது. 2022ஆம் ஆண்டின் முடிவில் ஜோக்காவிலிருந்து தாராதலா வரையில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில், இன்று அச்சாலையின் மேலேயே செல்கிறது. கீழே சந்தைகளில் பழைய வாழ்க்கை மாறாமல் நடக்கிறது. மீன்காரர் பெரிய அரிவாள்மணைக்கு முன் குந்தியிருப்பார். அதை இங்கே போந்தி என்பார்கள். ரோகு, கட்லா, மிருகால் ஆகிய குளத்துமீன்கள் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் சினைபிடித்து வரும். ‘தாதா, மாச்சேர் டிம் ஆச்சே?’ என்று கேளுங்கள். மீன்முட்டை இருக்கிறதா என்பது பொருள். இருந்தால் தனியாகவே நிறுத்துத் தருவார்.

வங்காளத்து வீடுகளில் இதை வெங்காயம், பச்சைமிளகாய், கடலைமாவு சேர்த்துப் பிசைந்து கடுகெண்ணெயில் பொரித்து, டிமேர் பொரா என்று பருப்புச்சோற்றோடு உண்பார்கள். மழைக்கால மாலையில் தேநீரோடும் அது பொருந்தும். மும்பையில் வாழும் நேயர்கள் காபோளி என்ற பெயரில் கேட்கலாம். கேரளத்தில் பரிஞ்ஞில் என்று வழங்கும். தில்லியில் இருப்பவர்கள் சித்தரஞ்சன் பூங்காவின் மீன்சந்தையை நாடலாம். பெயர்தான் வேறு, பண்டம் ஒன்றே.

வாங்கும்போது மூன்றைக் கவனிக்கவேண்டும். சினைப்பை விறைப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கவேண்டும். கெட்ட நாற்றம் கூடாது. பை கிழிந்து கூழாகியிருக்கக் கூடாது. மீனின் கொழுப்பையும் சந்தையில் தனியாக விற்பார்கள். அது மாச்சேர் தேல். வெண்மையாக வழுவழுப்பாக இருப்பது அது. மணல்போல் நறநறவென்று மணிகள் தெரிவதே சினை.

இங்கே ஒரு கேள்வி எழுவது நியாயமே. பிறக்கவேண்டிய குஞ்சுகளையெல்லாம் நாம் தின்றுவிட்டால் மீனினம் என்னாவது? இதற்கு விடை மீனுக்கு மீன் வேறுபடும். நாம் உல்லம் என்று அழைக்கும் இலிஷ் மீன் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவந்து முட்டையிடுவது. அதன் பெருக்கம் இயற்கையின் கையில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாதபடி தடை இருக்கிறது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த பல குடும்பங்கள், லட்சுமி பூஜை கழிந்தால் சரஸ்வதி பூஜை வரும்வரையில் இலிஷ் உண்பதில்லை என்ற வழக்கத்தை இன்னும் காத்துவருகின்றன. ஆகவே இலிஷின் சினையை விருந்துக்காகத் தேடித்தேடி வாங்காமலிருப்பதே நன்று.

குளத்துமீனின் கதை வேறு. ரோகுவும் கட்லாவும் ஓடும் ஆற்றில் முட்டையிடுமேயன்றித் தேங்கிய குளத்தில் இடுவதில்லை. முற்காலத்தில் ஆற்றிலிருந்து மீன்குஞ்சு திரட்டி வந்துதான் குளத்தில் விடவேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி, ஒடிசாவின் அங்குல் என்னும் ஊரில், டாக்டர் ஹீராலால் சௌதுரி என்ற வங்காளத்து விஞ்ஞானி, மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிமூலம் செலுத்தி, அடைத்துவைத்த கெண்டையினத்து மீன்களை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அந்நாளைத் தேசிய மீன்வளர்ப்போர் தினமாக நாடு கொண்டாடுகிறது. இன்று குளங்களுக்கு வேண்டிய குஞ்சுகள் பொரிப்பகங்களிலிருந்து வருகின்றன. குளத்துமீனின் வயிற்றிலுள்ள சினையை நாம் உண்ணாவிட்டால் அது குஞ்சாகப் போவதில்லை, குப்பையாகத்தான் போகும். எனவே இந்தச் சினையை மனக்குறையின்றி உண்ணலாம்.

மனக்குறை வேண்டாம், ஆனால் எச்சரிக்கை வேண்டும். முதலாவது, ஜப்பானியப் பாணி என்றவுடன் பச்சையாக உண்ணலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. நன்னீர்மீனிலும் அதன் சினையிலும் ஒட்டுண்ணிகளும் நோய்க்கிருமிகளும் இருக்கக்கூடும். உப்போ வினிகரோ எலுமிச்சைச்சாறோ அவற்றைக் கொன்றுவிடும் என்று நம்பிவிட முடியாது. நடுப்பகுதி வரையில் முழுதும் வேகவேண்டும். இரண்டாவது, ரோகு முதலிய மீன்களின் பித்தப்பை நஞ்சு. அதை மருந்தென்று எண்ணி விழுங்கியவர்கள் சிறுநீரகம் பழுதுற்று மருத்துவமனை சேர்ந்த செய்திகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. வேகவைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. பித்தம் உடைந்து பச்சைநிறம் படிந்த சினையை வாங்கவே வேண்டாம். மூன்றாவது, பெயர் தெரியாத மீனின் சினையைத் தொடாதீர்கள். பேத்தை மீனின் சினை உயிரையே வாங்கவல்லது. வங்காளத்தில் அதைப் பொட்கா என்பார்கள்.

இனி அடுப்படிக்குச் செல்வோம். பன்னிரண்டு பேருக்கு, ஆளுக்கு இரண்டாக, இருபத்துநான்கு துண்டுகளுக்குக் கணக்குச் சொல்கிறேன்.

ரோகு அல்லது கட்லாச் சினை 250 கிராம்; கோவிந்தபோக் அரிசி 250 கிராம்; நடுத்தர வெள்ளரிக்காய் மூன்று; வினிகர் இரண்டு மேஜைக்கரண்டி; சர்க்கரை ஒன்றரை மேஜைக்கரண்டி; சோயா சாஸ் ஒன்றரை மேஜைக்கரண்டி; கடுகெண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி; ஒரு விரல் இஞ்சி; சிறிய வெங்காயம் ஒன்று; பச்சைமிளகாய் ஒன்று; வறுத்த கறுப்பு எள் சிறிது; உப்பு, மஞ்சள்தூள். இவ்வளவுதான் சாமான். கப்பலில் வரவேண்டியது ஒன்றும் இதில் இல்லை. சோயா சாஸுக்குக் கூடக் கொல்கத்தாவில் குறைவில்லை. தாங்க்ராவிலும் திரேட்டா பஜாரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சீனக் குடும்பங்கள் அச்சுவையை இந்நகரத்துக்குச் சொந்தமாக்கிவிட்டன.

முதலில் சோறு. கோவிந்தபோக் என்பது வங்காளத்துச் சிறுமணி அரிசி, பாயசத்துக்கும் நைவேத்தியத்துக்கும் பயன்படுவது, மணமுடையது, வெந்தால் சற்றே ஒட்டும் இயல்புடையது. அந்த ஒட்டும் இயல்புதான் நமக்கு வேண்டியது. அது கிடைக்காத ஊரில் குழைய வேகும் எந்தப் பச்சரிசியும் போதும். அரிசியை மூன்று தண்ணீர் கழுவி, அரைமணி நேரம் ஊறவைத்து, வடித்துவிட்டு, ஊறாத அரிசி ஒரு தம்ளருக்கு ஒன்றேகால் தம்ளர் தண்ணீர் என்ற அளவில் மூடிவைத்துச் சிறுதீயில் வேகவிடுங்கள். இறக்கியபின் பத்து நிமிடம் திறக்கவேண்டாம். வினிகரில் சர்க்கரை ஒரு மேஜைக்கரண்டியும் உப்பு முக்கால் தேக்கரண்டியும் கரைத்து, சூடான சோற்றின்மேல் தெளித்து, மணி உடையாமல் கிளறி, விசிறியால் வீசி ஆற்றுங்கள். தயிர்ச்சாதம் பிசைவதுபோல் பிசைந்துவிடக் கூடாது.

அடுத்தது சினை. ஓரங்களிலுள்ள இரத்தநாளங்களைக் களைந்து, உப்பு மஞ்சள் கலந்த நீரில் மெதுவாக அலசுங்கள். அகன்ற பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிட்டு, இரண்டு இஞ்சித்துண்டும் சிறிது உப்பும் இட்டு, தீயைக் குறைத்தபின் சினையை இறக்குங்கள். ஜப்பானியர் பையைக் கீறிவிட்டு வேகவைப்பதுண்டு. வெந்நீர் பட்டதும் சினை வெளிப்புறமாகச் சுருண்டு பூவைப்போல் விரியும். நாமும் அவ்வாறே செய்தால் உள்பகுதியும் சீராக வேகும். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். தடித்த துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள். நடுவில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் இடம் இருந்தால் இன்னும் வேகவேண்டும்; எங்கும் வெளிறி உதிர்ந்தால் வெந்துவிட்டது.

வெந்த சினையை வடித்துத் தோலை நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். கடுகெண்ணெய் நன்றாகக் காய்ந்து புகைந்ததும் தீயைத் தணித்து, பொடியாய் அரிந்த வெங்காயம், இஞ்சி, மிளகாய் வதக்கி, சினையைச் சேர்த்து, சோயா சாஸும் மிகுந்த சர்க்கரையும் மூன்று கரண்டி நீரும் விட்டுக் கிளறுங்கள். பொடிமாஸ் கிளறத் தெரிந்த கைக்கு இதைக் கற்பிக்கவேண்டியதில்லை. நீர் சுண்டவேண்டும், ஆனால் வறண்டுவிடக் கூடாது. ஐந்தாறு நிமிடத்தில் மணிமணியாக, பளபளப்போடு நிற்கும். சாஸிலேயே உப்பு உண்டு. ருசி பாராமல் மேலும் உப்பிடவேண்டாம்.

வெள்ளரிக்காயை நீளவாட்டில் மெல்லிய நாடாக்களாகச் சீவி, சிறிது உப்புத் தூவி ஐந்து நிமிடம் வைத்து, ஈரம் போகத் துடையுங்கள். கையை நனைத்துக்கொண்டு சோற்றைச் சிறு எலுமிச்சை அளவில், ஏறக்குறைய இருபத்தைந்து கிராம் எடையில் நீளுருண்டையாகப் பிடித்து, சுற்றிலும் வெள்ளரி நாடாவை நிறுத்துங்கள். நாடா சோற்றைவிடச் சற்று உயர்ந்து நிற்கவேண்டும். அந்தக் குழியில் ஒரு தேக்கரண்டி நிறையச் சினையை வைத்து, எள் தூவுங்கள். ஜப்பானியர் வசாபி என்ற காரவிழுதை வைப்பார்கள். நாம் ஒரு துளி கசுந்தி வைக்கலாம். வங்காளத்துக் கடுகுவிழுதாகிய கசுந்தியும் வசாபியும் உறவுமுறை உடையவை. இரண்டும் கடுகுக் குடும்பத்துச் செடிகளில் பிறந்தவை. மூக்கில் ஏறும் அந்த உறைப்பும் ஒரே இனந்தான்.

கணக்கைப் பாருங்கள். இருபத்துநான்கு துண்டுக்குக் கால்கிலோச் சினை என்றால், ஒன்றுக்குப் பத்துக் கிராம்தான் ஆகிறது. கால்கிலோ மீனை வறுத்தால் மூன்று பேருக்குக் காணாது. அதே எடையுள்ள சினை பன்னிரண்டு பேரை மகிழ்விக்கிறது. சிறிதளவு பொருளைச் சோற்றின்மேல் ஏற்றி உயர்த்திக் காட்டும் இந்த முறையில்தான் சிக்கனம் அடங்கியிருக்கிறது. தரங்குறைந்த பொருளை வாங்குவதில் அன்று.

விருந்தினர் வருவதற்கு ஒருமணி நேரத்துக்கு முன் சோற்றையும் சினையையும் தனித்தனியே ஆயத்தம் செய்து, வந்தபின் சேர்த்து வையுங்கள். முன்பே கட்டினால் வெள்ளரி நீர்விடும். கொல்கத்தாவின் புழுக்கத்தில் சமைத்த பண்டத்தை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைத்திருப்பது ஆகாது. மழைக்காலத்தில் சினை மலிவாகக் கிடைக்கும்போது வேகவைத்து, நீர் வடித்து, குளிர்ப்பெட்டியின் பனியறையில் ஒரு மாதம் வரையில் வைத்துக்கொள்ளலாம்.

புலால் உண்ணாத நண்பர்களை மறந்துவிடக் கூடாது. சுட்ட கத்தரிக்காயை மசித்து, அதே சோயா, இஞ்சி, எள் சேர்த்து, வேறு தட்டில், வேறு கரண்டியால் நிரப்பி வையுங்கள். எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பதை வாய்திறந்து சொல்லுங்கள். மீன்முட்டை, எள், கடுகு, சோயா ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவை. சொல்லாமல் உண்ணச்செய்வது உபசாரமாகாது.

இந்தப் பண்டத்துக்கு என்ன பெயர் சூட்டுவது? ஜப்பானியப் பெயரைச் சூட்டி, ‘இது அங்கிருந்து வந்த உயர்ந்த பொருள்’ என்று காட்டிக்கொள்ளும் ஆசை சிலருக்கு எழலாம். அது வேண்டாம். ‘இது உங்கள் சந்தையின் ரோகுச் சினை, உங்கள் கோவிந்தபோக் அரிசி, ஜப்பானியர் வைக்கும் முறையில் வைத்தோம், எங்கள் வீட்டுப் பொடிமாஸ் பக்குவம்’ என்று உள்ளதை உள்ளபடி கூறுங்கள். அண்டைவீட்டு அம்மையார் தம் வீட்டு டிமேர் பொராவின் பக்குவத்தைச் சொல்லத் தொடங்குவார். உங்கள் ஊர்க் கடற்கரையில் சினையை எப்படிச் சமைப்பார்கள் என்று கேட்பார். ‘மதராஸிகள் எல்லோரும் இட்லி மட்டுமே உண்பவர்கள்’ என்ற பழைய எண்ணம் ஒன்று இங்கே உலவுகிறதல்லவா? நம் கரையின் நீளமும், நம் மீனவர் கைத்திறமும், நம் சமையலின் அகலமும் அந்த ஒரு தட்டின் வழியே அவர்களுக்கு விளங்கும். சொற்பொழிவு செய்து விளக்கமுடியாததை ஒரு கவளம் விளக்கிவிடும்.

வேற்றூரில் வாழ்பவனுக்கு அண்டைவீடுதான் முதல் உறவு. நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் கதவைத் தட்டவேண்டிய வீடு அது. அந்த உறவை வளர்ப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கையில் ஒரு பையும், வாயில் நாலு வங்காளச் சொற்களும் இருந்தால் போதும். ஆடிமாத மழை சற்று ஓயும் காலை நேரத்தில் சந்தைக்குச் சென்று, கால்கிலோச் சினை வாங்கி வாருங்கள். மாலையில் பக்கத்து வீட்டாரையும் அழையுங்கள்.